குழந்தைக்கு வரும் நோய்க்கு அம்மாவுக்கு எதற்கு ஊசி?

கேள்வி: நான் ஆம்பூரை அடுத்த ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்கிறேன். வீட்டுக்காரர் பேர்ணாம்பட்டில் தோல் ஷாப்பில் இருக்கிறார். மூத்த மகளுக்கு நாலரை வயது. இப்போது எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. மூத்தவள் வயிற்றில் இருந்தபோதே 2 டி.டி. ஊசி போட்டார்கள். இந்த முறையும் நர்ஸம்மா ஒன்று போட்டுவிட்டு, இன்னொன்றுக்குத் தேதி கொடுத்திருக்கிறார். ஸ்கேன் பார்த்த டாக்டர், கக்குவானுக்கும் ஃப்ளூவுக்கும் தனித்தனியாக ஊசி உண்டு, ஏழாம் மாதம் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். பிறந்ததும் குழந்தைக்குத்தான் வரிசையாக ஊசி போடப்போகிறார்களே! குழந்தைக்கு வரும் நோய்க்கு எனக்கு எதற்கு ஊசி? நான் போட்டுக்கொள்ளும் மருந்து வயிற்றுக்குள் போய்க் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடாதா? "ஆஸ்பத்திரியில்தானே பிரசவம், துருப்பிடித்த பிளேடா வைக்கப்போகிறார்கள்?" என்று அத்தை கேட்கிறார். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

— ஆம்பூர் வாசகி

பதில்: ஒரு கடிதத்தில் மூன்று கேள்விகளை வைத்திருக்கிறீர்கள். மூன்றும் நல்ல கேள்விகள். முதல் கேள்வியைப் படித்ததும் எனக்குப் புன்னகை வந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் மருத்துவர்கள் திணறியதும் இதே இடத்தில்தான். டி.டி. ஊசி தடுக்கும் ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களிலேயே வந்துவிடுகிறது. பிறந்த அன்றே ஊசி போட்டாலும் அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் நோய் முந்திக்கொள்கிறது. குழந்தைக்குப் போட நேரமே இல்லை என்றால் தாய்க்குப் போட்டுப் பார்த்தால் என்ன? நியூ கினியாவில் ஸ்கோஃபீல்டு என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் கர்ப்பிணிகளுக்குத் தவணை தவணையாக ஊசி போட்டுப் பார்த்தார்கள். தவணைகளை முடித்த தாய்மாரின் குழந்தைகளிடம் ரணஜன்னி வெகுவாகக் குறைந்திருந்தது. அதை அவர்கள் 1961-ல் எழுதி வெளியிட்டார்கள். இன்று உங்கள் கையில் நர்ஸம்மா போடும் ஊசிக்கு வழிகாட்டிய ஆய்வுகளில் அது முக்கியமானது.

காரணத்துக்குப் போவதற்கு முன் உங்கள் பயத்தைப் பார்த்துவிடுவோம். உங்களைப்போல் பலரும், ஊசியில் இருக்கும் மருந்து தாயின் ரத்தத்தில் கலந்து, தொப்புள்கொடி வழியாகப் போய்க் குழந்தையைக் காப்பாற்றுகிறது என்று நினைக்கிறார்கள். மருந்து போய்ச் சேருகிறது என்று நம்பினால், கூடவே கெடுதலும் போய்ச் சேருமே என்ற அச்சம் வருவது இயல்புதான். நடப்பது அதுவல்ல.

அந்த ஊசியில் இருப்பது அரை மில்லி திரவம். ரணஜன்னிக் கிருமி சுரக்கும் நஞ்சை எடுத்து, அதன் கொல்லும் குணத்தை ஆய்வுக்கூடத்தில் முறித்துவிட்டு, உருவத்தை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள். இதற்கு டாக்ஸாய்டு என்று பெயர். 1920-களில் பிரான்ஸில் காஸ்டன் ராமோன் கண்டுபிடித்த முறை இது. ஊசியில் உயிருள்ள கிருமி ஒன்றுகூடக் கிடையாது. அதனால் அது உடம்பில் பெருகவும் முடியாது, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு நோயைத் தரவும் முடியாது. போட்ட இடத்துத் தசையிலும், அருகில் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளிலும் உங்கள் உடம்பின் காவல் செல்கள் அதைப் பார்த்து, "இப்படி ஒரு நஞ்சு வந்தால் இதுதான் அடையாளம்" என்று படித்துக்கொள்கின்றன. பிறகு அந்த நஞ்சைப் பிடித்து முடக்கும் ஒரு புரதத்தை லட்சக்கணக்கில் தயாரித்து ரத்தத்தில் விடுகின்றன. அந்தப் புரதத்தின் பெயர் ஆன்டிபாடி. டாக்ஸாய்டின் வேலை இத்தோடு முடிந்தது. சில நாட்களில் உடம்பு அதைச் சிதைத்து அப்புறப்படுத்திவிடும்.

உங்கள் குழந்தைக்குப் போவது இந்த ஆன்டிபாடிதான். உங்கள் உடம்பு உங்கள் ரத்தத்தில் செய்த சொந்தப் பொருள் அது.

அது போகும் விதம் அழகானது. தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் கலப்பதில்லை. இடையில் நஞ்சுக்கொடி இருக்கிறது. உங்கள் ரத்தத்தில் ஆன்டிபாடிகள் ஐந்து வகை இருந்தாலும், ஐ.ஜி.ஜி. என்ற ஒரே ஒரு வகைக்கு மட்டும் அங்கே அனுமதி உண்டு. நஞ்சுக்கொடியின் மேற்பரப்பில், அந்த வகையின் வால்பகுதியை மட்டும் பிடிக்கத் தெரிந்த ஓர் ஏற்பிப் புரதம் இருக்கிறது. தோல் ஷாப்பில் செலக்‌ஷன் மேசையில் நிற்பவர் ஒவ்வொரு தோலையும் தடவிப் பார்த்து, ஏற்றுமதிக்கு ஆகும் தோலை மட்டும் ஒரு பக்கம் எடுத்து வைப்பார் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். இந்த ஏற்பியின் வேலையும் அதுதான்: ஐ.ஜி.ஜி.-யைப் பிடித்து, செல்லுக்குள் இழுத்து, சிதையாமல் காத்து, குழந்தையின் பக்கம் கொண்டுபோய் விடுகிறது. ஆன்டிபாடி தானாகக் கசிந்து போவதில்லை. நஞ்சுக்கொடி அதைத் தேடிப் பிடித்து ஏற்றுகிறது. அதனால்தான் நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. தாயிடம் இருப்பதற்குச் சமமாகவும், பல சமயம் அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும்.

இந்த ஏற்றுமதி 13-வது வாரத்தை ஒட்டி மெல்லத் தொடங்குகிறது. பெரும்பகுதி நடப்பது கடைசி மூன்று மாதங்களில், அதிலும் கடைசி சில வாரங்களில். குறைமாதக் குழந்தைகள் எளிதில் தொற்றுக்கு ஆளாவதற்கு இதுவும் ஒரு காரணம்: அவர்களுக்குச் சேர வேண்டியது முழுதாகச் சேர்வதற்குள் பிறந்துவிடுகிறார்கள். ஏழாம் மாதம் என்று டாக்டர் சொன்னதன் கணக்கும் இதுதான். ஊசி போட்டு இரண்டு வாரமாவது ஆனால்தான் உங்கள் ரத்தத்தில் ஆன்டிபாடி நன்றாக ஏறும். ஏற்றுமதி உச்சத்தில் இருக்கும் வாரங்களில் சரக்கு தயாராக இருக்க வேண்டுமே!

இனி, "பிறந்ததும் குழந்தைக்குத்தான் போடப்போகிறார்களே" என்ற உங்கள் முதல் கேள்வி. போடத்தான் போகிறார்கள். பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள்காமாலைக்கான ஹெபடைடிஸ் பி ஊசி. ஆனால் ரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் ஆகிய மூன்றுக்குமான முதல் ஊசி 6-வது வாரத்தில்தான். பென்டாவேலன்ட் என்று அட்டையில் எழுதியிருப்பார்கள்; ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி. இந்தியாவில் இதை முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும்; 2011 டிசம்பரில். முதல் தவணையோடு பாதுகாப்பு வந்துவிடாது. 10-வது வாரம் இரண்டாவது, 14-வது வாரம் மூன்றாவது. பச்சிளம் குழந்தையின் காவல் செல்கள் பாடம் படிக்க நேரம் எடுத்துக்கொள்ளும். மூன்று முறை காட்டினால்தான் நன்றாகப் பதியும். ஆக, பிறந்த நாளிலிருந்து மூன்று, மூன்றரை மாதம் வரை குழந்தைக்குச் சொந்தப் பாதுகாப்பு அரைகுறைதான். கக்குவானும் ஃப்ளூவும் உயிருக்கு ஆபத்தாக முடிவது அந்த மாதங்களில்தான் அதிகம். ரணஜன்னியோ முதல் மாதத்திலேயே வந்துவிடும்.

நீங்கள் கொடுத்தனுப்பும் ஆன்டிபாடி அந்த இடைவெளியை நிரப்பத்தான். அது என்றென்றைக்கும் இருக்காது. ஏறக்குறைய மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். அது கரையக் கரைய, குழந்தையின் சொந்த ஆன்டிபாடி ஏறிவரும். ஒன்று இறங்க ஒன்று ஏறும் அந்தச் சில மாதங்களுக்காகத்தான் உங்கள் கையில் ஊசி.

"தாய்ப்பாலில் எல்லாம் இருக்கிறதே" என்று யாராவது சொல்லக்கூடும். சீம்பாலிலும் தாய்ப்பாலிலும் ஆன்டிபாடி நிறையவே உண்டு. ஆனால் அது ஐ.ஜி.ஏ. என்ற வேறு வகை. குழந்தையின் வாய், தொண்டை, குடல் ஆகியவற்றின் உட்பரப்பைப் பூசிக் காக்கும். வயிற்றுப்போக்கிலிருந்து காப்பதில் அதற்கு இணை இல்லை. ஆனால் மனிதக் குழந்தைக்கு அது குடலிலிருந்து ரத்தத்துக்குள் பெரிதாகப் போவதில்லை. ரணஜன்னி நஞ்சு ரத்தத்திலும் நரம்பிலும் பரவுவது. தாய்ப்பால் கட்டாயம் கொடுங்கள். இந்த ஊசிக்கு அது மாற்று ஆகாது.

இப்போது அத்தையின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டதில் பாதி முற்றிலும் சரி. தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேலான பிரசவங்கள் இன்று மருத்துவமனையில்தான் நடக்கின்றன. சுத்தமான கத்தி, சுத்தமான கை. பழைய வடஆற்காட்டில் அவருடைய அம்மா காலத்தில் அப்படி இல்லை. வீட்டில் பிரசவம், கைக்குக் கிடைத்த அரிவாளோ பிளேடோ, அறுத்த தொப்புளில் சாம்பலோ சாணமோ. பிறந்து இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, மூன்றாம் நாளுக்குப் பிறகு ஒரு நாள் வாய் திறக்க முடியாமல் பால் குடிப்பதை நிறுத்தும். பிறகு தொட்டாலும் சத்தம் கேட்டாலும் உடம்பு விறைத்து இழுக்கும். மருத்துவமனைக்குக் கொண்டுபோனாலும் பெரும்பாலும் பிழைக்காது. ஒரு காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் முதல் 2 லட்சம் பச்சிளம் குழந்தைகளுக்கு இந்த நோய் வந்துகொண்டிருந்தது. பேய் பிடித்தது, சீர் தட்டியது என்று பேர் சொல்லாமலே புதைத்த குழந்தைகள் அதில் எத்தனையோ. அத்தையிடம் கேட்டுப்பாருங்கள், அவர் சொந்தத்திலேயே ஒன்று நினைவுக்கு வரலாம்.

தவறு இருப்பது துருவில். ரணஜன்னியைத் துரு உண்டாக்குவதில்லை. குளோஸ்ட்ரிடியம் டெட்டனி என்ற கிருமிதான் அதற்குக் காரணம். ஆடு, மாடு, குதிரை ஆகியவற்றின் குடலில் அது வாழும்; சாணத்தோடு மண்ணுக்கு வரும்; அங்கே ஸ்போர் எனப்படும் உறங்கும் வடிவத்தில் வருடக்கணக்கில் கிடக்கும். வெயில் அதைக் கொல்லாது, சாதாரணக் கிருமிநாசினிகளில் பலவற்றுக்கும் அது அசையாது. துருப்பிடித்த ஆணி மண்ணில் கிடந்த ஆணி என்பதால்தான் அதற்கு அந்தக் கெட்ட பெயர். இந்தக் கிருமிக்குக் காற்று ஆகாது. காற்றுப் புகாத ஆழமான சின்னத் துளையில்தான் விழித்துப் பெருகும். உங்கள் லைனில் யாருக்காவது மெஷின் ஊசி விரல் நகத்தில் ஏறி இறங்கியிருக்கும். பளபளக்கும் ஊசி, துரு ஒரு புள்ளி இல்லை, ரத்தமும் ஒரு சொட்டுதான் வந்திருக்கும். "ஒன்றுமில்லை" என்று துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்திருப்பார்கள். ரத்தம் கொட்டிய வெட்டுக் காயத்தைவிட அப்படிப்பட்ட குத்துக் காயத்தைத்தான் மருத்துவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அதனால் உங்கள் வீட்டுக்காரரும், கர்ப்பம் இல்லாவிட்டாலும், பத்தாண்டுக்கு ஒருமுறை இந்த ஊசியைப் போட்டுக்கொள்வது நல்லது. பச்சைத் தோலோடும் கத்தியோடும் புழங்குகிறவர் அவர். அவர் தோல் ஷாப்பில் இருக்கிறார் என்பதற்காக உங்களுக்குத் தவணை கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

குழந்தையின் தொப்புளுக்கு வருவோம். மருத்துவமனையில் சுத்தமாக அறுத்துக் கட்டி அனுப்புவார்கள். ஆனால் அந்தத் தண்டு காய்ந்து விழ ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். அந்த நாட்களில் குழந்தை இருப்பது வீட்டில். பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு யோசனை இருக்கும்: எண்ணெய் வை, மஞ்சள் வை, பவுடர் போடு, விபூதி பூசு. எதுவும் வேண்டாம், சுத்தமாக, உலர்வாக விட்டாலே போதும். இருந்தாலும் நீங்கள் அசந்து தூங்கும் நேரத்தில் யார் எதைத் தடவினார்கள் என்று எப்படிக் காவல் காப்பது? ஊசி அங்கேதான் கை கொடுக்கிறது.

தாய்க்கும் குழந்தைக்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2015-ல் அறிவித்தது. "ஒழித்தாயிற்றே, பிறகு எதற்கு?" என்று அடுத்து அத்தை கேட்டால், அதற்கும் பதில் இருக்கிறது. இங்கே ஒழிப்பு என்றால், எந்த மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு என்று பொருள். பெரியம்மையைப்போல் கிருமியையே உலகத்திலிருந்து துடைத்துவிடவில்லை. மண்ணில் இருப்பதைத் துடைக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. தட்டம்மை போன்ற நோய்களில், ஊரில் எல்லோரும் ஊசி போட்டிருந்தால் போடாத ஒருவரையும் அது ஓரளவு காக்கும், ஏனென்றால் நோய் ஆளுக்கு ஆள் தாவுவது. ரணஜன்னி ஆளிடமிருந்து வருவதில்லை. ஆம்பூரே ஊசி போட்டிருந்தாலும், போடாத ஒருவருக்கு அதனால் ஒரு காசுக்குப் பயனில்லை. அவ்வளவு ஏன், ஒருமுறை ரணஜன்னி வந்து பிழைத்தவருக்கே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. ஆளைச் சாய்க்கப் போதுமான நஞ்சின் அளவு அவ்வளவு சிறியது, உடம்பு பாடம் படிக்க அது பற்றாது. அவரும் ஊசி போட்டுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

மூத்தவளுக்கே 2 போட்டாயிற்றே என்கிறீர்கள். வீணாகப் போகவில்லை, அதன் நினைவு உங்கள் உடம்பில் இருக்கிறது. ஆனால் இரண்டு தவணை கொடுக்கும் பாதுகாப்பு உறுதியாக நிற்பது சுமார் மூன்று ஆண்டு என்றுதான் வைத்துக்கொள்கிறார்கள். அரசு அட்டவணையின் கணக்கு அதிலிருந்து வந்தது. போன கர்ப்பத்தில் 2 ஊசி போட்டு மூன்று ஆண்டுக்குள் மறுபடி கருவுற்றால் ஒரே ஒரு பூஸ்டர் போதும். தாண்டிவிட்டால் நான்கு வார இடைவெளியில் 2. உங்கள் மூத்தவளுக்கு நாலரை வயது என்பதால் நர்ஸம்மா இரண்டாவது தேதியைக் குறித்திருக்கிறார். கணக்கு சரி.

எத்தனை தவணை வேண்டும் என்பதை யாரும் உட்கார்ந்த இடத்தில் யோசித்து முடிவு செய்துவிடுவதில்லை. ஊசி போட்டவர்களின் ரத்தத்தை எடுத்து ஆன்டிபாடியை அளந்துதான் சொல்ல வேண்டும். இதில் உங்கள் ஊர்ப்பக்கத்துக்கே ஒரு பங்கு உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970-களின் தொடக்கத்தில் அந்த வட்டாரக் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து, மேல்நாட்டில் மூன்று முறை கொடுத்தால் போதுமான போலியோ சொட்டு மருந்து இங்கே போதவில்லை, கூடுதல் தவணை வேண்டும் என்று காட்டினார். போலியோ நாள் என்று வீடு வீடாக வந்து திரும்பத் திரும்பச் சொட்டு விட்டார்களே, அதன் பின்னணியில் அந்தக் கணக்கும் இருக்கிறது.

உங்களுக்கு இந்த முறை போட்டது பழைய டி.டி. ஊசி அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயர் காதுக்கு ஒன்றுபோலவே விழும். 2019-லிருந்து அரசுத் திட்டத்தில் ரணஜன்னியோடு தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்த ஊசியைத்தான் போடுகிறார்கள். சிறு வயதில் போட்ட தொண்டை அடைப்பான் ஊசியின் பலம் வளர்ந்த பிறகு குறைந்துவிடுவதால் வந்த மாற்றம் இது.

கக்குவான் ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதைப் பணக்காரர் ஊசி என்று தள்ளிவிடுகிறார்கள். டிடேப் என்று பெயர். நீங்கள் போட்டுக்கொள்ளும் ஊசியில் உள்ள இரண்டோடு கக்குவானும் சேர்ந்தது. பெரியவர்களுக்குக் கக்குவான் வந்தால் வாரக்கணக்கில் விடாத இருமல், அவ்வளவுதான். கம்பெனிக்கு லீவு போடாமல்கூடச் சமாளித்துவிடுவார்கள். இரண்டு மாதக் குழந்தைக்கு வந்தால் கதை வேறு. பலருக்கும் தெரிந்த அந்தக் 'கூவும்' இருமல்கூடக் கேட்காது. மூச்சு நின்று, உதடு நீலமாகிவிடும். பிரிட்டனில் 2012 அக்டோபரில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைப் போடத் தொடங்கினார்கள். முதல் மூன்று மாதத்தில் வரும் கக்குவானை அது பத்தில் ஒன்பது பங்கு தடுத்ததாக 2014-ல் கணக்கிட்டார்கள். கக்குவான் ஆன்டிபாடி ரணஜன்னியுடையதைப்போல் நீடிப்பதில்லை, ஓரிரு ஆண்டில் சரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் போட வேண்டும் என்கிறார்கள். 27-வது வாரத்திலிருந்து 36-வது வாரத்துக்குள் போடுவது நல்லது. இந்திய மகப்பேறு மருத்துவச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபாக்சி, இரண்டாவது டி.டி.-யின் இடத்தில் இதைப் போடலாம் என்கிறது. அரசின் இலவச அட்டவணையில் இது இல்லை. விலை உங்களைப் போன்ற குடும்பத்துக்குச் சிறியதல்ல என்பது எனக்குத் தெரியும். முடியும் என்றால், இரண்டாவது தேதி வருவதற்கு முன்பே டாக்டரிடமும் நர்ஸம்மாவிடமும் பேசி எதை எப்போது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முடியாது என்றால், அட்டையில் குறித்த தேதியில் இலவச ஊசியைப் போட்டுவிடுங்கள். டிடேப்புக்காகக் காத்திருந்து கடைசியில் இரண்டும் இல்லாமல் போவதுதான் நான் அஞ்சுவது.

ஃப்ளூ ஊசி குழந்தைக்கு மட்டுமல்ல, நேராக உங்களுக்கே தேவைப்படுவது. கர்ப்பத்தில் கருப்பை மேலே தள்ளுவதால் நுரையீரலுக்கு இடம் குறைகிறது, இதயத்துக்கு வேலை கூடுகிறது. மற்றவர்களுக்கு மூன்று நாள் காய்ச்சலாகப் போவது கர்ப்பிணிக்கு நிமோனியாவாக முற்றக்கூடும். 2009-ல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது உலகம் முழுவதும் அதைப் பார்த்தோம். குழந்தைக்கோ 6 மாதம் ஆகும்வரை ஃப்ளூ ஊசி போடவே முடியாது. உங்களிடமிருந்து வருவது மட்டும்தான் அதற்குக் கிடைக்கும். டாக்காவில் 340 தாய்மாரை வைத்து நடத்தி 2008-ல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டவர்களின் குழந்தைகளுக்கு முதல் 6 மாதத்தில் ஃப்ளூ 63 சதவீதம் குறைவாக வந்தது. நம்மைப் போலவே நெருக்கமான, வெப்பமான ஊர் என்பதால் அந்த எண்ணை நான் மதிக்கிறேன். தமிழ்நாட்டில் ஃப்ளூ அதிகம் தலைதூக்குவது வடகிழக்குப் பருவமழை நாட்களில். ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக உட்கார்ந்து தைக்கும் இடத்தில் ஒருவர் தும்மினால் போதும். மழை தொடங்குவதற்கு முன் போட்டுக்கொள்வது நல்லது.

எல்லா ஊசியும் கர்ப்பத்தில் ஆகும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தட்டம்மை–ரூபெல்லா, சின்னம்மை ஆகியவற்றின் ஊசிகளில் வலுவிழந்த, ஆனால் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. முன்னெச்சரிக்கையாக அவற்றைக் கர்ப்பிணிக்குப் போடுவதில்லை. இதில் ஒரு முரண் உண்டு. ரூபெல்லா என்பது சாதாரணத் தடிப்புக் காய்ச்சல். ஆனால் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் மூன்றையும் கெடுக்கும். குழந்தைக்காகவே போட வேண்டிய ஊசியான அதைக் கருவுறுவதற்கு ஒரு மாதம் முன்பாவது போட்டிருக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 15 வயதுவரை எல்லோருக்கும் அந்த ஊசி போட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளை நம்பிப் பல வீடுகளில் அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். அன்று 14, 15 வயதில் இருந்த பெண்கள் இப்போது தாயாகும் வயதில் இருக்கிறார்கள். உங்கள் லைனில் திருமணத்துக்குக் காத்திருக்கும் தங்கைகள் இருந்தால், அன்று போட்டார்களா என்று கேளுங்கள்.

ஊசி போட்ட கை ஓரிரு நாள் வலிக்கும், கொஞ்சம் வீங்கலாம், லேசான காய்ச்சல் வரலாம். அது உங்கள் காவல் செல்கள் வேலை செய்வதன் அடையாளம்தான். டாக்டரைக் கேட்டு பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். எந்தக் கையில் துணியை இழுத்துத் தைக்கிறீர்களோ அதற்கு மாற்றுக் கையில் போடச் சொல்லுங்கள், மறுநாள் வேலைக்கு எளிது. முன்பு எந்த ஊசிக்காவது உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டாவது தவணையை 36-வது வாரத்துக்கு முன் முடிப்பது நல்லது. ஏதோ காரணத்தால் தேதி தவறினால் "இனி எதற்கு" என்று விட்டுவிடாதீர்கள், தாமதமானாலும் போடுவார்கள். முதல் தவணையிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டியதும் இல்லை. டிடேப், ஃப்ளூ இரண்டையும் ஒரே நாளில் வேறு வேறு கையில் போட்டுக்கொள்ளலாம், ஒரு நாள் சம்பளம் மிச்சமாகும். வெளியே போட்டால் அதையும் தாய்-சேய் அட்டையில் எழுதி வாங்குங்கள்; பிரசவத்தின்போது உங்களைப் பார்க்கும் டாக்டருக்கு அந்த அட்டைதான் பேசும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சின்னக் குழந்தைக்குக் கக்குவானைக் கொண்டுவருவது பெரும்பாலும் அதே வீட்டில் இருப்பவர்கள்தான். அப்பா, பாட்டி, அக்கா. வீட்டில் யாருக்காவது இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் குழந்தையைத் தூக்கக் கொடுக்காதீர்கள், அத்தையாக இருந்தாலும். முதலில் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். மூத்தவளுக்கு ஒன்றரை வயதில் போட்ட பூஸ்டருக்குப் பிறகு, 5 வயதில் கக்குவான், ரணஜன்னி, தொண்டை அடைப்பான் மூன்றுக்கும் சேர்த்து இன்னொரு பூஸ்டர் இருக்கிறது. பள்ளிக்கூடம், சீருடை என்ற அலைச்சலில் பெரும்பாலான வீடுகள் மறந்துவிடுவது அதைத்தான். நீங்கள் பச்சைக் குழந்தையை 6-வது வார ஊசிக்கு எடுத்துக்கொண்டு போகும்போது அவளுக்கும் ஏறக்குறைய 5 நிறைந்திருக்கும். அன்று அவளையும், அவளுடைய பழைய அட்டையையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.